இடது கையில் ஒரு பனிக்கரடி

"இடது கையை நீட்டப்பா" என்றார் பத்மநாபன்.

சுகிர்தன் நீட்டினான். ஏதோ பரிசு என்று நினைத்துவிட்டான். பல வருடங்களாக இந்த ஆளிடம் வேலை பார்க்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்புக் கைக்கடிகாரத்தை எடுத்தார். சுகிர்தனின் மணிக்கட்டில் வைத்து, பட்டியைக் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்து இறுக்கினார். அப்படியும் அது தொளதொளவென்று ஆடியது.

"என்ன சேர் இது?"

"கரடி வேட்டைக்கான வாட்ச்சு. நடக்கறது, ஏறறது, நெஞ்சு அடிக்கறது எல்லாம் இதுல பதிவாயிரும். அப்படியே கனடாவுல அந்த கைடுக்குப் போயிரும்."

"நான் நடக்கிறது ஏன் சேர் அவனுக்கு?"

"நீ நடக்கறது இல்லப்பா. நான் நடக்கறது. தினமும் பத்துக் கிலோமீட்டர், முதுகுல இருபது கிலோ மூட்டை. ஆறு வாரம். அதைப் பாத்துப்போட்டுத்தான் என்னைய எடுக்கறதா வேண்டாமான்னு சொல்லுவான்."

"அப்ப நீங்கள்தானே சேர் கட்ட வேணும்?"

பத்மநாபன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏப்பா சுகிர்தா, இந்தக் கம்பெனியில என்ற பேர்ல நடக்கற எதையாச்சும் நான் செஞ்சிருக்கறனா?"

இல்லைதான். வளைகுடாவில், அல் கூஸ் தொழிற்பேட்டையில், ஏசிக் காற்று போகும் தகரக் குழாயான டக்ட் செய்யும் கம்பெனி அது. முதலாளி ஒரு டக்டைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் சுகிர்தன்தான் போவான். திருப்பூரிலிருந்து அவருடைய மாமியார் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் காலைத் தொட்டுக் கும்பிட்டதும் சுகிர்தன்தான். ஆனால் அவருக்காக ஆகஸ்ட் மாத வெயிலில் நடப்பது புதிது.

சுகிர்தனுக்குக் கோபம் தலைக்கேறியது. கடிகாரம் 'பீப்' என்றது. நெஞ்சு வேகமாக அடிப்பதைப் பார்த்து, உடற்பயிற்சி தொடங்கிவிட்டது என்று பதிவு செய்துகொண்டது.

இந்த வேட்டை ஒரு விருந்தில் பிறந்தது. ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி வைத்திருக்கும் ஸ்ரீகாந்த், பத்மநாபனின் நண்பர். நண்பர் என்றால், ஒருவர் கார் வாங்கினால் மற்றவருக்கு அன்று தூக்கம் வராது, அந்த மாதிரி நண்பர். ஆப்பிரிக்காவில் தானே சுட்டது என்று சொல்லி, பஞ்சடைத்த சிங்கம் ஒன்றை வீட்டு ஹாலில் நிறுத்தியிருந்தார். எல்லோரும் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பத்மநாபனுக்குப் பொறுக்கவில்லை. "சிங்கமெல்லாம் பெரிய பூனைதானுங்க. நான் பனிக்கரடி அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார். வாயில் மட்டன் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

ஸ்ரீகாந்த் மறுநாளே கனடாவின் வடகோடியில் வேட்டைக்குக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்தைத் தேடிப்பிடித்து முகவரி அனுப்பினார். வருடத்துக்கு இத்தனை கரடிதான் என்று அங்கே கணக்கு உண்டு. அந்த ஊர் வேட்டைக்காரன் ஒருவன் கைடாக, பனியில் நாய்கள் இழுக்கும் வண்டியில் கூட்டிப்போனால்தான் வெளியூர்க்காரன் சுடலாம். போவதற்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று கைடு முன்கூட்டியே பார்ப்பான். அந்தக் கடிகாரக் கணக்கை நண்பர்களும் பார்க்கலாமாம். ஸ்ரீகாந்த் உட்பட எல்லோரும் அதைத் தங்கள் போனில் போட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் எப்படியோ நாசமாகப் போகட்டும் என்று சுகிர்தன் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருப்பான். வைக்க முடியாததற்குக் காரணம் அவனுடைய அம்மா.

அம்மா டொரண்டோ நகரின் ஸ்கார்பரோவில், அக்கா கஜாலினியின் வீட்டில் இருந்தாள். யாழ்ப்பாணத்தை விட்டு அவள் போன பிறகு சுகிர்தன் அவளை நேரில் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று மூன்று முறை விசாவுக்கு விண்ணப்பித்தான். மூன்று முறையும் இல்லை என்றார்கள். பிறகு, கரடி சுடப் போகிறவருக்குப் பை தூக்கும் உதவியாளன் என்று பத்மநாபன் ஒரு விண்ணப்பம் போட வைத்தார். உடனே கிடைத்துவிட்டது. பெற்றவளைப் பார்க்கப் போகிறவன்மேல் சந்தேகம். முன்பின் தெரியாத கரடியைக் கொல்லப் போகிறவனின் எடுபிடிக்கு வரவேற்பு. விசா வந்த அன்று சுகிர்தன் அந்தப் பாஸ்போர்ட்டைச் சுவரில் எறிந்தான். பிறகு எடுத்துத் துடைத்துப் பெட்டியில் பூட்டினான்.

விசா இருந்தது. அந்த வருடத்து லீவு ஏப்ரலோடு தீர்ந்திருந்தது. டிக்கெட் முதலாளியின் கையில் இருந்தது. "மார்ச்ல வேட்டை முடிஞ்சு திரும்பறப்ப நாலு நாள் உங்கம்மாகூட இருந்துட்டு வா" என்று பத்மநாபன் சொல்லியிருந்தார். கைடு அவரை எடுத்துக்கொண்டால்தான் கனடா. கனடா போனால்தான் அம்மா.

அன்று பின்னேரம் சுகிர்தன் முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் இறங்கினான். வரவேற்பு மேசையில் இருந்த ஃபஸ்னா தலையைத் தூக்கிப் பார்த்தாள். புத்தளத்துப் பெண், இரக்கம் குறைவு.

"எங்க அண்ணா, மூட்டையும் தானுமா? ரூம்ல இருந்து துரத்திட்டாங்களா?"

"சேர் நடக்கிறார்" என்றான் சுகிர்தன்.

"எங்க?"

"இஞ்ச. நான்தான் சேர்."

அல் கூஸில் நடப்பதற்கு வழி கிடையாது. லாரிகளுக்குத்தான் வழி. டயர் கடையைத் தாண்டினான். கண்ணாடிக் கம்பெனியைத் தாண்டினான். அடுத்த வளைவில் ஒரு சுவரில் சாய்ந்தான். சுவர் தோசைக்கல் மாதிரி சுட்டது. எதிரே பட்டறையில் இருந்த பட்டாணியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "பாய், அரிசி எங்கே போகணும்? நான் வண்டியில் விடுறேன்" என்று ஹிந்தியில் கேட்டார். பனிக்கரடி என்று ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று சுகிர்தனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பத்துக் கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடத்தில் ஒரு நாள்கூட இரண்டைத் தாண்டவில்லை. கைடிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதலாளியின் மின்னஞ்சல்களை வாசிப்பதும் சுகிர்தனின் வேலைதான். 'நீங்கள் கடுமையாக முயற்சி செய்வது தெரிகிறது. ஆனால் நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் உங்களை அழைத்துப் போவது கடினம்' என்று எழுதியிருந்தான்.

சுகிர்தன் முதலாளி அறைக்குப் போனான். திட்டு விழும் என்று நினைத்தான். பத்மநாபன் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அவனை உட்காரச் சொல்லி, தனக்கு வந்த தேநீரை அவன் பக்கம் தள்ளினார்.

"அவ்வளவுதானப்பா. மனுசனால முடிஞ்சதுதான முடியும். நீ எப்பவும் போல நட. உடம்பைப் போட்டு வருத்திக்காத."

முதலாளிக்கு இவ்வளவு பெரிய மனது உண்டென்று சுகிர்தனுக்கு அதுவரை தெரியாது. தன் தோல்வியை இப்படித் தாங்கிக்கொள்கிறாரே, இவரை எப்படிக் கைவிடுவது என்று நினைத்தான்.

அன்று மாலை அம்மா போனில் வந்தாள்.

"தம்பி, அந்தக் கரடி ஸ்கார்பரோவுக்குக் கிட்டவோ?"

"இல்லையம்மா, அது தூரம். திரும்பி வரேக்க வருவன். வாறதெண்டா உங்களுக்கு என்ன கொண்டுவர? மிளகாய்த்தூள், ஒடியல் ஏதும்…"

"இஞ்ச எல்லாம் கிடைக்குது. நீதான் கிடைக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். சுகிர்தன் அடுத்த நாள் காலை நேராக செல்வசிங்கிடம் போனான்.

செல்வசிங் குளச்சல்காரன். கம்பெனியின் டக்டுகளை சைட்டில் மாட்டும் ஆள். அந்த நேரம் அவன் வேலை பார்த்த எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை. தகரக் குழாய்களைத் தோளில் வைத்துப் படியேறிக்கொண்டிருந்தான்.

"வேற ஒண்டும் செய்ய வேண்டாம். இதைக் கையில கட்டிக்கொண்டு உன்ர வேலையைப் பார்" என்றான் சுகிர்தன்.

"இதக் கட்டினா என்னண்ணே ஆவும்?"

"சேர் ஃபிட்டாவார்."

செல்வசிங் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் செமப்பேன், அவரு ஃபிட்டாவாரு. செரி, சம்பளமும் அப்டித்தானே வருவு. கொண்டாரும்."

கடிகாரம் அவன் மணிக்கட்டில் முதல் ஓட்டையிலேயே நின்றது.

அடுத்த வாரக் கணக்கைப் பார்த்துச் சுகிர்தனுக்கே பயம் வந்தது. தினம் இருபது கிலோமீட்டருக்கு மேல். நூறு மாடிக்குக் குறையாமல் ஏற்றம். அவ்வளவுக்கும் நெஞ்சு சின்னப் பிள்ளையின் நெஞ்சு போல நிதானமாக அடித்திருந்தது. கைடு அன்றே எழுதினான். 'உங்கள் வயதில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் வண்டியில் உட்காரவே தேவையில்லை, நாய்களோடு சேர்ந்து ஓடி வரலாம். இவ்வளவு பலமுள்ளவருக்கு உதவியாளர் எதற்கு? உதவியாளருக்கான இரண்டாவது நாய் வண்டியை ரத்து செய்துவிட்டேன். உங்கள் பயணத்துக்குச் சுமை குறையும்.'

சுகிர்தன் கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். அம்மா ரத்தாகியிருந்தாள்.

முதலாளியாவது மகிழ்வார் என்று போனான். பத்மநாபன் வாசித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எவன்யா உன்னைய இப்படி நடக்கச் சொன்னான்?"

"நீங்கள்தானே சேர்…"

"நான் உன்னைய நடக்கச் சொன்னேன்! நாயோட ஓடச் சொன்னனா? எப்பவும் போல நடன்னு சொன்னனா இல்லியா?"

"பத்துக் கிலோமீட்டர் எண்டு…"

"பேசாத! போ!"

சுகிர்தன் வெளியே வந்து கழிவறைக் கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே முறைத்தான். நடக்காவிட்டால் தேநீர், நடந்தால் திட்டு. இது என்ன நியாயம்? தனக்குப் பதில் செல்வசிங் நடந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தான். அப்புறம், தன்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பயப்படுகிறார் என்று முடிவு செய்தான். தண்ணீர்ப் போத்தலைக்கூடத் தானாகத் திறந்து பழக்கமில்லாத மனிதர். பாவம். இரண்டு பேருக்கும் ஒரே வழிதான்: இரண்டாவது நாய் வண்டி திரும்பி வர வேண்டும். அதற்கு முதலாளியின் பலம் கொஞ்சம் குறைய வேண்டும்.

செல்வசிங்குக்குப் போன் போட்டான். "ரெண்டு மூண்டு நாளைக்கு நடக்காதை. ஏறாதை. இருந்த இடத்திலயே இரு."

"சைட்ல வந்து சும்மா இருந்தா ஃபோர்மேன் வெரட்டிருவாம்ணே."

"கால் நோகுது எண்டு சொல்லு. இருந்து செய்யிற வேலை ஏதும் தரச் சொல்லு."

"செரிண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

மூன்று நாள் கழித்துக் கணக்கைத் திறந்தால், முதலாளி ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் அடி நடந்திருந்தார். சுகிர்தன் டாக்சி பிடித்து சைட்டுக்குப் போனான்.

"உன்னை இருக்கச் சொன்னனானெல்லோ!"

"இருந்தேனே! மூணு நாளா குண்டியத் தூக்கேல" என்றான் செல்வசிங் மனம் நொந்து. "கால்வலின்னு சொன்னேன். ஃபோர்மேன் ரோட் ரோலர்ல ஏத்தி உக்கார வச்சிட்டாம். காலைல இருந்து சாயங்காலம் வர மண்ண அமுக்குதேன். பல்லுவரைக்கும் ஆடுது. சோறு உருட்டி வாயில வச்சா மூக்குல போவு."

கடிகாரம் ஒவ்வொரு அதிர்வையும் ஓர் அடி என்று எண்ணியிருந்தது.

கைடின் மின்னஞ்சல் அதற்குள் வந்துவிட்டது. இவ்வளவு உறுதியுள்ளவரைச் சாதாரண வழியில் அழைத்துப்போவது அவரை அவமதிப்பதாகுமாம். குடிசைகள் உள்ள கரையோரப் பாதை வேண்டாம். உறைந்த கடலின் மேல் நீண்ட பாதை. படுக்கை முழுவதும் கூடாரத்தில். சாப்பாட்டுக்குக் கடல்நாய் இறைச்சி. வேறு எதுவும் சுமக்க வேண்டாம்.

பத்மநாபன் அதை வாசித்துவிட்டு, ஏசிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார். "சுகிர்தா, நான் உனக்கு என்னப்பா பாவம் செஞ்சேன்?" என்றார்.

இப்போது சுகிர்தனுக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. கரடியை யார் கேட்டது? நானா? அரிசி மூட்டையை யார் சுமந்தது? கடிகாரம் கையில் இல்லாததால் அந்தக் கோபம் மட்டும் எதிலும் பதிவாகவில்லை.

அவன் தன் மேசைக்கு வந்து, முதலாளியின் பெயரில் கைடுக்குத் தானே ஒரு மின்னஞ்சல் எழுதினான். பெயருக்குச் சொந்தக்காரர் எழுதியிருந்தால்கூட அது அவ்வளவு உண்மையாக இருந்திருக்காது. 'ஐயா, எனக்குப் பெரிய பலமில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் தற்செயல். எனக்குத் தொப்பை உண்டு. மாடியேற மாட்டேன். கோழிக்கடையில் கத்தியைப் பார்த்தால் வெளியே போய் நிற்பேன். என் உதவியாளர் சுகிர்தன் இல்லாமல் என்னால் ஒரு போத்தலைக்கூடத் திறக்க முடியாது. தயவுசெய்து அவரையும் அழைத்துச்செல்லுங்கள்.'

பதில் மறுநாள் காலை வந்தது. 'உங்கள் மின்னஞ்சலை என் தகப்பனாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்கலங்கினார். எங்கள் ஊரில் நல்ல வேட்டைக்காரன் தன்னைப் பற்றிப் பெருமை பேசமாட்டான். தனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லுவான். வெளியூரிலிருந்து வந்தவர்களில் எங்கள் முறைப்படி பேசிய முதல் மனிதர் நீங்கள்தான். இனி யோசிக்க ஒன்றுமில்லை. வரும் பருவத்தின் முதல் இடம் உங்களுக்கே. என் தகப்பனாரும் நம்மோடு வருகிறார். ஆகவே உதவியாளர் தேவையில்லை.'

முன்பு எழுதியதையும் சேர்த்து அதைக் கைடு தன் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படியும் போட்டிருந்தான். ஸ்ரீகாந்தும் பார்த்தார்.

அன்று மதியமே ஸ்ரீகாந்த் ராஸ் அல் கைமாவிலிருந்து ஆட்களோடு வந்து இறங்கினார். பொன்னாடை, ரோஜா மாலை, வெள்ளைக் கரடி படம் போட்ட கேக். கூடவே ஆர்க்டிக் குளிருக்கென்று தைத்த, கழுத்தில் ரோமம் வைத்த ஒரு பெரிய கோட்டு.

"உங்களை நான் சாதாரணமா நினைச்சிட்டேன் பத்மநாபன். நாய்களோட ஓடப்போறீங்களாமே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் பொறாமை இல்லை. ஒரு விதமான நிம்மதி இருந்தது. இனி இந்த மனிதரோடு போட்டி போட வேண்டியதில்லை; ஆள் திரும்பி வருவதே சந்தேகம்.

எல்லோரும் சேர்ந்து கோட்டை மாட்டிவிட்டார்கள். பொத்தானைக் கழுத்து வரை போட்டார்கள். பத்மநாபன் கோட்டுக்குள்ளிருந்து கேக் வெட்டினார். கத்தி கோணலாகப் போனதில் கரடியின் தலை தனியாக வந்தது. கைதட்டினார்கள். படம் எடுக்கும்போது அவர் கூட்டத்தில் சுகிர்தனைத் தேடிப்பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொலை இருந்தது.

எல்லோரும் போன பிறகு உள்ளே கூப்பிட்டார்.

"வாட்ச்சைக் கொடு."

சுகிர்தன், சைட்டிலிருந்து வாங்கி வந்திருந்த கடிகாரத்தை மேசையில் வைத்தான். முதலாளி அதை இழுப்பறைக்குள் எறிந்து அடித்துச் சாத்தினார்.

"இனி என்ற வேலை எதையும் நீ பாக்க வேண்டாம். உன்னைய நம்பினேன் பாரு."

இவ்வளவு நாள் அடக்கி வைத்தது சுகிர்தனுக்கு வெடித்துவிட்டது.

"என்ன சேர் கதைக்கிறியள்? நான் என்ன பிழை செய்தனான்? உச்சி வெயில்ல அரிசி மூட்டை தூக்கினது நான். உங்களுக்கு இடம் எடுத்துத் தந்தது நான். என்ர இடம் போனது, என்ர அம்மாவைப் பாக்கிறது போனது, அதுக்கு ஒரு வார்த்தை சொன்னனியளோ? கரடி உங்களுக்கு, மாலை உங்களுக்கு, கேக் உங்களுக்கு. ஏச்சு மட்டும் எனக்கோ?"

பத்மநாபன் கோட்டின் பொத்தானைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. வழக்கமாக அந்த மாதிரி வேலைகளைச் செய்கிறவன் எதிரில்தான் நின்றான். ஆனால் அவன் இன்று கையை நீட்டவில்லை.

"போயிரு சுகிர்தா" என்றார் கடைசியில். "என்ற கண்ணு முன்னால நிக்காத."

சுகிர்தன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தான். கம்பெனியில் அந்தக் கதவை அறைந்த முதல் ஆள் அவன்தான். வரவேற்பு மேசையில் ஃபஸ்னா கேக்கின் கரடித் தலையைக் கரண்டியால் தின்றுகொண்டே கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஸ்கார்பரோ ஹோட்டல கேன்சல் பண்ணச் சொல்லி சேர் இப்ப மெசேஜ் போட்டீக்கிறார். ரெண்டு ரூமையுமா?"

"எந்த ஹோட்டல்?"

"மார்ச்சுக்குப் போட்டதுதான். ஒண்டு அவருக்கு, ஒண்டு உங்களுக்கு. உங்கட உம்மா வீட்டுக்குப் பக்கத்திலயே பாக்கச் சொன்னாரே. ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாள்."

"ரெண்டு கிழமையோ? மார்ச்சில அவர் வேட்டைக்கெல்லோ போறார்?"

ஃபஸ்னா கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"அல்லாவே, உங்களுக்குத் தெரியாதா? பாடுபட்டு நடந்தும் ஃபெயிலான மாதிரி கைடுக்கும் ஸ்ரீகாந்த் சேருக்கும் தெரியணும், பிறகு மானம் போகாம உங்களையும் கூட்டிக்கொண்டு டொரண்டோவ சுத்திப் பாத்துட்டு வரலாமெண்டுதானே அண்ணா, இந்தக் கம்பெனி முழுக்கத் தேடி, நடக்கவே ஏலாத ஆளா உங்களைப் பிடிச்சு அந்த வாட்ச்சைக் கட்டினார்!"